கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேரும் துகள்

மீன் கடையில் வாங்கிய சின்னக் கண்ணாடித் தொட்டி. அதைக் கவிழ்த்து, உள்ளே உச்சியில் ஒட்டிய கம்பளித் துண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைக்க வேண்டும். கீழே கறுப்பு பெயின்ட் அடித்த அலுமினியத் தகடு, தகட்டுக்கு அடியில் ட்ரை ஐஸ். ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் தகட்டுக்கு ஒரு விரற்கடை மேலே தூறல் போல மூட்டம் இறங்கும். மதுரை வெயிலில் ட்ரை ஐஸ் ரொம்ப நேரம் தாங்காது. அதனால் இந்தச் செய்முறையை நான் மார்கழி, தை மாதங்களுக்குத் தள்ளி வைத்துவிடுவேன்.

முதலில் தெரிவது குட்டையான, தடித்த புகைக்கோடுகள். காற்றிலுள்ள ரேடான் வாயு உமிழும் ஆல்ஃபா துகள்கள் அவை. அப்புறம் மயிர்க்கற்றை போலச் சுருண்டு நெளியும் எலெக்ட்ரான் கோடுகள். இவற்றுக்கு நடுவே, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு மெல்லிய நேர்கோடு தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடி, ஓரிரு நொடியில் கலைந்துபோகும். மாணவர்கள் எப்போதும் அதைத்தான் கேட்பார்கள். “சார், இது எங்கருந்து வருது?”

மேலேயிருந்து வருகிறது. விண்வெளியிலிருந்து பாயும் புரோட்டான்கள், தரையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்கருக்களில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள் அது. விரித்த உள்ளங்கை ஒன்றின் வழியாக நொடிக்கு ஒன்றிரண்டு வீதம் இப்போதும் போய்க்கொண்டிருக்கின்றன. விஷயம் என்னவென்றால், மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அவ்வளவு நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது மதுரை வரை எப்படி உயிரோடு வந்தது?

ஐன்ஸ்டைன்தான் பதில். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் துகளின் கடிகாரம், நின்று பார்க்கும் நமக்கு மெதுவாக ஓடுவதாகத் தெரியும். 1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மலை உச்சியில், கொடைக்கானலைவிடச் சற்றே குறைந்த உயரத்தில், மணிக்குச் சுமார் 560 மியூவான்களை எண்ணினார்கள். கடல் மட்டத்துக்கு வந்து எண்ணியபோது 410 போல இருந்தன. கடிகாரம் மெதுவாகாவிட்டால் முப்பதுகூடத் தேறியிருக்காது. கொடைக்கானலில் ஒரு தொட்டி, வத்தலக்குண்டில் ஒரு தொட்டி என்று வைத்து இதையே செய்து பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் தொட்டியில் கோடு எண்ணுவது தோராயமான வேலை. அதற்குச் சரியான எண்ணி வேண்டும், அதற்குக் காசு வேண்டும்.

இந்த மியூவானை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துகள் இயற்பியலில் ‘நீண்ட ஆயுள்’ என்று சொன்னால் இந்த மாதிரி ஆயுளைத்தான் சொல்கிறோம். மைக்ரோ நொடி என்பது அங்கே கிழப்பருவம். ஹிக்ஸ் துகளின் ஆயுளைக் கணக்கிட, ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, மறுபடி கோடியால் வகுத்து, இன்னொரு முறையும் கோடியால் வகுத்து, கடைசியில் பத்தால் வகுக்க வேண்டும். ஹிக்ஸ் பிறந்த இடத்தைவிட்டு ஓர் அணுவின் குறுக்களவில் நூறில் ஒரு பங்குகூட நகராமல் சிதைந்துவிடும். மோதலில் பிறந்த ஒரு துகள் ஒரு மில்லிமீட்டரோ ஒரு மீட்டரோ நடந்துபோய், அங்கே சிதைந்தால் அது நீள் ஆயுள் துகள். அதுவரை யாரும் பார்த்திராத புதுத் துகளாகவும் அது இருந்துவிட்டால்? ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பல நூறு பேர் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் தரவுகளைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு துகள் ஏன் சீக்கிரம் சாகாமல் இருக்கிறது? நமக்கு ஏற்கெனவே தெரிந்த துகள்களே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. மியூவான் சிதைய வேண்டுமென்றால் தன்னைப்போல 760 மடங்கு எடையுள்ள டபிள்யூ துகளின் தயவு வேண்டும். அவ்வளவு பெரிய இடத்துச் சிபாரிசு லேசில் கிடைக்காது, காத்திருக்க வேண்டும். நியூட்ரானின் கதை வேறு. அது புரோட்டானாக மாறும்போது மிஞ்சும் எடை வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கையில் அவ்வளவு சொற்பக் காசை வைத்துக்கொண்டு எலெக்ட்ரானையும் நியூட்ரினோவையும் வாங்கியாக வேண்டும். அதனால் அணுக்கருவுக்கு வெளியே தனியாக விட்ட நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. மூன்றாவது காரணம், சிதைவை நடத்திவைக்கும் விசையுடன் உள்ள பிணைப்பே மிக மெலிந்திருப்பது. புதிய துகள்களைப் பற்றிப் பேசும் கோட்பாட்டாளர்கள் சொல்வதெல்லாம் கடைசியில் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் வந்து நிற்கும். பெயர்கள் மட்டும் மாறும்: இருள் ஃபோட்டான், கனமான நியூட்ரினோ, சார்ஜினோ. இந்தப் பட்டியல் வருடா வருடம் வளர்வதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அலுப்புதான். ஆனால் காரணங்கள் மூன்றும் கெட்டியானவை, இயற்கை அவற்றைப் பலமுறை பயன்படுத்தியும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். துகளுக்கு வயதாவதில்லை. சராசரி ஆயுள் என்றால் அத்தனையும் அந்த வயதில் சாகும் என்று பொருளில்லை. பிறந்த உடனே சிதைவதும் உண்டு, பத்து மடங்கு நேரம் தாண்டிச் சிதைவதும் உண்டு. சராசரியாக ஒரு கிலோமீட்டர் போய்ச் சிதையும் துகள்கள் ஆயிரம் பிறந்தால், முதல் பத்து மீட்டருக்குள்ளேயே சுமார் பத்து சிதைந்துவிடும். தேடுகிறவர்களுக்குத் தெம்பு தரும் கணக்கு இது. கருவி சிறியதாக இருந்தாலும் ஏதாவது சிலது உள்ளே சிக்கும்.

ஆயுள் எதிர்பார்த்ததைவிட நீண்டிருந்து, அதனாலேயே புதிய இயற்பியல் பிடிபட்டதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 1947-இல் மான்செஸ்டரில் ராச்செஸ்டரும் பட்லரும் தங்கள் முகில் அறைப் படங்களில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். முகில் அறை என்பது நம் மீன் தொட்டியின் பெரியண்ணன். படத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று இரண்டு கோடுகள் கவட்டை போலப் பிரிந்தன. மின்னூட்டம் இல்லாத ஏதோ ஒன்று கோடு போடாமல் வந்து, அங்கே இரண்டாகச் சிதைந்திருக்கிறது. இன்று அதைக் கேயான் என்கிறோம். பிறப்பது வலுவான விசையில், சிதைவதோ அதற்குப் பொருந்தாத நிதானத்தில். அந்தப் பொருத்தமின்மையை விளக்கப் போய்த்தான் ‘விசித்திரம்’ என்ற புதிய குவாண்டம் எண்ணே வந்தது. 1983-இல் பி மீசான் என்ற துகள்களின் ஆயுளும் நினைத்ததைவிடக் கூடுதல் என்று தெரிந்தது. அப்படியும் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒன்றரைப் பங்குதான். ஆனால் அந்த அரை மில்லிமீட்டர் நடையை அளந்தே ஆக வேண்டும் என்ற தேவைதான் இன்றைய நுண்ணிய சிலிக்கான் உணரிகளை வேகமாக வளர்த்தது.

இப்போது செர்னின் மோதல் இயந்திரமான எல்.எச்.சி-க்கு வருவோம். பூமிக்கடியில் சராசரியாக 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். மதுரையிலிருந்து அழகர்கோவில் தாண்டியும் போகும் தூரம். 2022 முதல் 13.6 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அங்கே புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். புரோட்டான் கொத்துகள் 25 நானோ நொடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று ஊடுருவும். ஒவ்வொரு ஊடுருவலிலும் ஐம்பது மோதல்களுக்கு மேல் நடக்கும். மோதும் இடத்தைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கருவிகள். நடுவில் தடம் காட்டும் சிலிக்கான், அதைச் சுற்றி ஆற்றலை விழுங்கி அளக்கும் கலோரிமீட்டர், கடைசி வெளிச்சுற்றில் மியூவான் அறைகள்.

இந்த அடுக்குகளை வடிவமைத்தவர்கள் மனதில் ஓர் எண்ணம் உறுதியாக இருந்தது: முக்கியமானதெல்லாம் நடுவில், அப்போதே நடந்துவிடும். ஹிக்ஸைத் தேடியவர்களுக்கு அது சரியான எண்ணம்தான், 2012-இல் அதைக் கண்டும் பிடித்தார்கள். ஆனால் மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு நெருடல் இருக்கும்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம் கோயிலுக்குள் நடக்கிறது. தங்கையின் கல்யாணத்துக்கு அழகர் மலையிலிருந்து கள்ளழகர் கிளம்பி வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்று நின்று அவர் வைகைக் கரைக்கு வரும்போது கல்யாணம் முடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் ஆற்றில் இறங்கி, வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார். புராணத்தில் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க வந்தார் என்று இருக்கிறது, சனங்களின் கதை இதுதான். இப்போது யோசியுங்கள். கேமராவை எல்லாம் திருக்கல்யாண மேடையைப் பார்த்தே வைத்து, தாலி கட்டி முடித்ததும் அணைத்துவிட்டால், அழகர் வந்தார் என்பதற்கு ஒரு படம்கூட மிஞ்சாது. இடமும் தப்பு, நேரமும் தப்பு.

எல்.எச்.சி-யில் கேமராவை அணைக்கும் வேலையைச் செய்வது டிரிக்கர் என்ற அமைப்பு. நொடிக்கு 4 கோடி ஊடுருவல்கள் வரை நடக்கின்றன, அத்தனையையும் பதிந்து வைக்க உலகத்தில் இடமில்லை. முதல் கட்டத்தில் மின்னணுச் சில்லுகள் சில மைக்ரோ நொடிக்குள் முடிவெடுத்து, நொடிக்கு லட்சம் மட்டும் தப்பவிடும். அடுத்தது கணினிகளின் சல்லடை, அதில் சில ஆயிரம்தான் தேறும். மீதியை அழித்துவிடுவார்கள். பரணில் போட்டு வைத்து அப்புறம் பார்க்கலாம் என்பதற்கு வழியே இல்லை, போனால் போனதுதான். டிரிக்கர் என்ற இந்த வாசல்காரனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது நடுவிலிருந்து கிளம்பி, வேகமாக, ஒழுங்காக வரும் துகள்களைத்தான். இரண்டு மீட்டர் தள்ளிப் பிறந்த தடங்களைப் பார்த்தால் அவனுக்கு அது குப்பை. அழகரை அவன் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறான் என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரக் கணக்கு இன்னும் வேடிக்கை. 25 நானோ நொடியில் ஒளி ஏழரை மீட்டர் போகும். எல்.எச்.சி-யின் பெரிய கருவிகளில் ஒன்றான சி.எம்.எஸ்-இன் ஆரமும் ஏழரை மீட்டர்தான். ஆக, ஒரு மோதலில் பிறந்தவை வெளிச்சுற்றைத் தொடும்போது நடுவில் அடுத்த மோதல் நடந்துகொண்டிருக்கும். இன்னொன்றான, 46 மீட்டர் நீளமுள்ள அட்லஸ் கருவிக்குள் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தலைமுறைத் துகள்கள் ஓடிக்கொண்டிருக்கும். கனமாகப் பிறந்து ஒளியின் பாதி வேகத்தில் நடந்து வருகிற ஒன்று, மியூவான் அறையை எட்டும்போது அதற்கு அடுத்த மோதலின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். ஒருத்தர் எழுதிய மொய் இன்னொருத்தர் வீட்டு நோட்டில் ஏறியது போல.

அதனால் இந்தத் தேடலில் பாதி வேலை, இருக்கிற கருவியை அது எதற்காகக் கட்டப்பட்டதோ அதை விட்டுவிட்டு வேறு விதமாகப் பார்ப்பதுதான். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இந்தக் கைவேலை. சி.எம்.எஸ்-இன் ஓரங்களில் இருக்கும் மியூவான் அறைகளுக்கு நடுவே இரும்புத் தகடுகள் உண்டு. காந்தப்புலத்தைத் திருப்பிக் கொண்டுவரப் போட்ட இரும்பு அது. ஒரு நீள் ஆயுள் துகள் அந்த அளவு தூரம் வந்து இரும்புக்குள் சிதைந்தால், நூற்றுக்கணக்கான துகள்கள் ஒரே அறையில் கொட்டும். மியூவானை ஒற்றை ஒற்றையாக எண்ணக் கட்டிய அறையை, அப்படியே ஆற்றல் கொட்டுவதைப் பார்க்கும் கலோரிமீட்டராக மாற்றிக்கொண்டார்கள். புதிதாக ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

எதைத் தேடுகிறார்கள்? மிக எளிதாகப் புரிவது, இடம் பெயர்ந்த முளைப்பு. 1947-இன் அந்தக் கவட்டைதான். நடுவிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி வெற்றிடத்தில் ஐந்தாறு தடங்கள் ஒரே புள்ளியிலிருந்து முளைத்தால் கவனிக்க வேண்டியதுதான். தலைவலி என்னவென்றால், கருவிக்குள் இருக்கும் கம்பி, குழாய், தாங்கி எல்லாவற்றிலும் சாதாரணத் துகள்கள் முட்டி அதே மாதிரி முளைப்பைக் காட்டும். அதனால் ஒவ்வொரு திருகும் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டு, பொருள் இருக்கும் இடங்களை எல்லாம் விலக்கிவிடுகிறார்கள். உணரியின் கனஅளவில் கணிசமான பகுதி இப்படியே கழிந்துபோகிறது.

இதற்கு நேர்மாறானது, பாதியில் காணாமல் போகும் தடம். மின்னூட்டமுள்ள ஒன்று கோடு போட்டுக்கொண்டே வந்து, தன்னைவிடத் துளி எடை குறைந்த, மின்னூட்டமற்ற ஒன்றாக மாறிவிட்டால் கோடு அந்தரத்தில் நின்றுவிடும். நியூட்ரானுக்குச் சொன்ன அதே சொற்பக் காசு விவகாரம்தான் இங்கேயும். அட்லஸின் முதல் சிலிக்கான் அடுக்கு நடுவிலிருந்து 3.3 சென்டிமீட்டரிலும் நான்காவது சுமார் 12 சென்டிமீட்டரிலும் இருக்கின்றன. நான்கு புள்ளி கிடைத்தால்தான் கோடு என்று நம்பலாம். எதிர்பார்க்கும் துகள்களில் சிலது சராசரியாக ஒரு சென்டிமீட்டரிலேயே மாறிவிடக்கூடியவை. நான்காவது அடுக்கு வரை வருவது அவற்றில் ஆயிரத்தில் ஒன்றா, லட்சத்தில் ஒன்றா என்பது வேகத்தைப் பொறுத்தது.

கருவிக்குள்ளேயே நின்றுபோனவற்றைத் தேடுகிறவர்கள் இன்னும் பொறுமைசாலிகள். கனமான துகள் ஒன்று கலோரிமீட்டரின் உலோகத்தில் சிக்கி நின்று, பல மணி நேரம் கழித்துச் சிதையலாம். அதைப் பிடிக்க, கொத்துகள் மோதாத இடைவெளிகளில் ஆற்றல் தெறிக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த அமைதியில் வந்து தொந்தரவு செய்வது யார் தெரியுமா? நம் தொட்டியில் ஓடிய அதே விண் மியூவான்கள். 100 மீட்டர் பாறையைத் துளைத்துக்கொண்டு வந்து, கருவியில் ஆற்றலைக் கொட்டி, புதுத் துகள் போல வேஷம் கட்டும்.

வேகம் குறைந்த கனமான துகளுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. மெதுவாகப் போகும் மின்னூட்டம் சிலிக்கானில் அதிக அயனிகளை உண்டாக்கும், கோடு தடிக்கும். அட்லஸ் குழு 2022-இல் வெளியிட்ட ஒரு முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2015 முதல் 2018 வரை சேர்ந்த தரவுகளில் தடித்த கோடுகளைத் தேடினார்கள். மிகக் கனமான, நீண்ட ஆயுளுள்ள துகள்களுக்கென்று ஒதுக்கிய கட்டத்தில், தற்செயலாக வரக்கூடியது 0.7 நிகழ்வு என்று கணக்கு. வந்தது 7. எத்தனையோ இடங்களில் தேடியதில் ஒன்றில் இப்படி விழலாம் என்பதையும் கழித்துப் பார்த்தால், தற்செயலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் அளவுகோலில் 3.3 சிக்மா. கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். ஆனாலும் 3.3 என்பது தூக்கத்தைக் கெடுக்கும் எண்.

கோடு தடித்திருந்தால் துகள் மெதுவாக வந்திருக்க வேண்டும். சரி, வந்த நேரத்தைப் பார்ப்போம் என்று கலோரிமீட்டரிலும் மியூவான் அறைகளிலும் பதிவான நேரங்களை எடுத்தார்கள். ஏழும் ஒளியின் வேகத்தை ஒட்டியே வந்திருந்தன. கனமான துகள் என்ற கதை அங்கேயே கிழிந்தது. இரட்டை மின்னூட்டம் உள்ள ஏதோவாக இருக்கலாம் என்று சில கோட்பாட்டாளர்கள் உடனே கட்டுரை எழுதினார்கள். சி.எம்.எஸ் குழு பிறகு நடத்திய இதே மாதிரித் தேடலில் அப்படி ஓர் உபரி தென்படவில்லை. தற்செயலாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் இந்த வேலையின் உள்ளோட்டம் இதில் நன்றாகத் தெரிகிறது. ஒரே துகளிடம் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்டு, பதில்கள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் எல்லாமே. ஆசை எவ்வளவு இருந்தாலும் இரண்டாவது கேள்வியைத் தாங்களே கேட்டு, பதிலையும் அதே கட்டுரையில் அச்சிட்டார்களே, அதற்கு ஒரு சபாஷ்.

சில துகள்கள் இந்தக் கருவிகளை முழுக்கத் தாண்டியும் போய்விடலாம். அவற்றுக்கு ஆற்றங்கரையில் ஆள் நிறுத்த வேண்டும். ஃபேசர் என்ற கருவி அப்படிப்பட்டது. அட்லஸ் மோதல் புள்ளியிலிருந்து நேர்கோட்டில் 480 மீட்டர் தள்ளி, ஒரு பழைய பக்கச் சுரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வளையம் அதற்கு முன்பே வளைந்து விலகிவிடுகிறது. மின்னூட்டமுள்ள துகள்களைக் காந்தங்கள் திருப்பிவிடும், மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நடுவிலுள்ள 100 மீட்டர் பாறை விழுங்கிவிடும். தாண்டி வருவது நியூட்ரினோவாக இருக்கும், சில மியூவான்கள் இருக்கும், அதிர்ஷ்டமிருந்தால் புதிதாக ஏதாவது. கருவியின் திறப்பு வெறும் 20 சென்டிமீட்டர் விட்டம், ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டளவு கிடையாது. அட்லஸுக்கும் எல்.எச்.சி.பி என்ற இன்னொரு கருவிக்கும் செய்து மிஞ்சிய உதிரிப் பாகங்களை வாங்கிக் கட்டியது. 2022-இல் ஓடத் தொடங்கி, 2023-இல் மோதல் இயந்திரம் ஒன்றில் பிறந்த நியூட்ரினோக்களை முதன்முதலில் நேரடியாகக் கண்டது. இருள் ஃபோட்டான் கிடைக்கவில்லை. எந்த எடையில், எந்தப் பிணைப்பில் அது இருக்க முடியாது என்று ஒரு துண்டு நிலத்தை வேலி போட்டு விலக்க மட்டும் முடிந்தது.

சி.எம்.எஸ்-க்கு மேலே தரைமட்டத்தில் பெரிய கொட்டகை போல ஒன்றைக் கட்டும் திட்டத்துக்கு மதுசலா என்று பெயர். பைபிளில் 969 வருடம் வாழ்ந்த மெத்தூசலாவின் பெயர்தான். நம்மூரில் பெயர் வைத்திருந்தால் மார்க்கண்டேயன் என்றிருப்போம். முதலில் பக்கத்துக்கு 200 மீட்டர் என்று கனவு கண்டார்கள். அது 100 ஆகி, இப்போது 40 ஆகச் சுருங்கியிருக்கிறது. பணத் தட்டுப்பாடு இல்லாத ஊர் எது! இதற்குப் பின்னாலுள்ள கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆயுளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இத்தகைய துகள்கள் பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் ஏராளமாகப் பிறந்து, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உயிரோடிருந்திருந்தால், அப்போது சமைந்துகொண்டிருந்த ஹீலியத்தின் அளவைக் கெடுத்திருக்கும். இன்று நாம் அளக்கும் ஹீலியம் அப்படிக் கெடவில்லை. ஆகவே தேட வேண்டியது அந்த வரம்புக்குக் கீழே. அதுவே ஒளிவேகத்தில் 30,000 கிலோமீட்டர் என்பது வேறு விஷயம்.

மோயெடால் என்ற குழு இன்னும் எளிமையாக யோசித்தது. வடமுனை மட்டுமோ தென்முனை மட்டுமோ உள்ள காந்த ஒற்றைமுனை என்ற துகள் இருந்தால் அது ஒருபோதும் சிதையாது, உலோகத்தில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். அதனால் அலுமினியக் கட்டிகளை மோதலுக்குப் பக்கத்தில் கொஞ்ச காலம் வைத்திருந்து, எடுத்துப்போய் காந்தமானியில் சோதித்தார்கள். சி.எம்.எஸ் பழையதென்று கழற்றிய பெரிலியக் குழாயைக்கூட விடவில்லை. துண்டு துண்டாக நறுக்கி அதற்குள்ளும் தேடினார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் கெட்டார்.

இந்தக் கதையில் நம் பக்கத்து அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அது எல்.எச்.சி-க்கு ரொம்ப முந்தியது. கோலார் தங்கச் சுரங்கம் கர்நாடகத்தில் இருந்தாலும் அதற்குள் இறங்கி வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அங்கே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-இல் வளிமண்டல நியூட்ரினோ உண்டாக்கிய துகளை உலகிலேயே முதலில் பதிவு செய்தவர்களில் டாட்டா ஆய்வு நிறுவனத்தின் கூட்டுக் குழுவும் ஒன்று. 1975-இல் அதே சுரங்கத்திலிருந்து எம்.ஆர்.கிருஷ்ணசாமி, எம்.ஜி.கே.மேனன், வி.எஸ்.நரசிம்மம் உள்ளிட்டோர் இன்னொன்றை அறிவித்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சில நிகழ்வுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடங்கள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பின. அந்தப் புள்ளி இருந்த இடம் பாறையில்லை, பாறைக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள காற்று வெளி. காற்றில் முட்டி அப்படித் தெறிக்க வாய்ப்பு அற்பம். பாறையில் பிறந்த ஏதோ ஒன்று வெளியே நடந்து வந்து காற்றில் சிதைந்திருக்க வேண்டும். புரோட்டானைப் போலச் சில மடங்கு எடை, நானோ நொடி அளவில் ஆயுள் என்று கணித்தார்கள். இன்றைய அகராதியில் இது அப்பட்டமான இடம் பெயர்ந்த முளைப்பு.

அந்த எடையில் ஒன்று இருந்தால் துகள் முடுக்கிகள் அதை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று செர்னிலும் ஃபெர்மி ஆய்வகத்திலும் தேடினார்கள், கிடைக்கவில்லை. ‘கோலார் நிகழ்வுகள்’ என்ற பெயர் மட்டும் நின்றது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது, அதற்குள் ஆய்வுக்கூடமும் போய்விட்டிருந்தது. 2014-இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என்.மூர்த்தியும் ஜி.ராஜசேகரனும் அந்தப் பழைய நோட்டைப் பிரித்தார்கள். பாறையில் பிறந்ததாக ஏன் நினைக்க வேண்டும், பிரபஞ்சமெங்கும் இருக்கும் இருள்பொருள் துகள் ஒன்று அந்தக் காற்று வெளியில் தானாகச் சிதைந்திருந்தால் என்று கேட்டார்கள். அப்படியானால் அதன் ஆயுள் பிரபஞ்சத்தின் வயதளவு. சரிபார்க்கப் பெரிய கருவியும் அதைச் சுற்றிப் பெரிய வெற்றிடமும் ஆழமான குகையும் வேண்டும். அவர்கள் கைகாட்டிய இடம், இந்திய நியூட்ரினோ ஆய்வகம் கட்டத் திட்டமிட்டிருந்த தேனி மாவட்டம் பொட்டிப்புரம்.

பொட்டிப்புரத்தில் என்ன நடந்தது என்று மதுரை, தேனிப் பக்கம் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்பரப்பர் மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் போலச் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 50,000 டன் காந்த இரும்பு, மேலே ஒரு கிலோமீட்டர் பாறை என்று திட்டம். தண்ணீரைப் பற்றியும் மலையைப் பற்றியும் ஊர் கேட்ட கேள்விகள், வழக்குகள், பசுமைத் தீர்ப்பாயம், கடைசியில் 2022-இல் அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு சொன்னது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குடையக் கூடாது என்பவர்களின் அச்சத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கேள்வி கேட்டவர்களுக்குப் புரிகிற தமிழில், தொடக்கத்திலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். அது போதிய அளவு நடக்கவில்லை என்பது என் வருத்தம்.

அந்தத் திட்டத்தின் குட்டி வடிவம் மதுரையில் 2018 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. 11 அடுக்கு இரும்பு, இடையிடையே 10 அடுக்கு ஆர்.பி.சி. உணரிகள், மொத்தம் 85 டன். ஆர்.பி.சி என்பது பார்க்க எளிய சாமான். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் ஒரு வாயுக் கலவை, தகடுகளுக்கு இடையே பத்தாயிரம் வோல்ட் அளவு மின்னழுத்தம். மியூவான் ஒன்று குறுக்கே போனால் அந்த இடத்தில் மட்டும் சின்ன மின்பொறி. எங்கே, எப்போது என்று நானோ நொடித் துல்லியத்தில் சொல்லிவிடும். தாமதமாக வரும் துகளைப் பிடிக்க வேண்டியது இந்தத் திறமைதான். சி.எம்.எஸ்-இன் ஆர்.பி.சி-களில் ஒரு பகுதி இந்தியாவில் செய்யப்பட்டது. அட்லஸ் குகைக்கு மேலேயுள்ள வெற்றிடத்தை நீள் ஆயுள் துகள்களுக்கான வலையாக மாற்றலாம் என்ற அனுபிஸ் திட்டமும் ஆர்.பி.சி-யைத்தான் நம்பியிருக்கிறது, அதன் மாதிரி ஒன்றை 2023-இல் அங்கே பொருத்தியும்விட்டார்கள். மதுரையில் ஆர்.பி.சி-யோடு மல்லுக்கட்டிப் பழகிய ஒரு பிள்ளைக்கு அங்கே போனால் சாமான் புதிதாக இருக்காது.

இதுவரை ஒரு புதிய நீள் ஆயுள் துகள்கூட அகப்படவில்லை. ஆனால் தேடாமல் கிடக்கிற இடம் நிறைய. 2015 முதல் 2018 வரை நடந்த அட்லஸின் இரண்டாம் கட்ட ஓட்டத்தில் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் ஹிக்ஸ் பிறந்திருக்க வேண்டும். அவற்றில் பத்து சதவீதம் வரை நாம் பார்க்காத ஏதோவொன்றாகச் சிதைந்திருந்தாலும் இன்றைய அளவீடுகள் அதை மறுக்காது. ஏழு லட்சம் ஹிக்ஸ் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்றால் வாசல்காரனைத்தான் திருத்த வேண்டும்.

2030 வாக்கில் எல்.எச்.சி-யைக் கூடுதல் செறிவோடு ஓட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்காக சி.எம்.எஸ்-இல் ஒரு நொடியின் லட்சம் கோடியில் 30, 40 பங்கு வரை நேரம் பிரித்துச் சொல்லும் புதிய அடுக்கு வருகிறது. வாசல்காரன் இப்போது நொடிக்கு ஒரு லட்சம் பேரை உள்ளே விடுகிறான் என்றால் இனி ஏழரை லட்சம் பேரை விடலாம், தடங்களையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். யோசிக்க அவனுக்கு இதுவரை சுமார் 4 மைக்ரோ நொடிதான். அதை 12.5 மைக்ரோ நொடியாக நீட்டப்போகிறார்கள். மீன் தொட்டிக்குள் வந்து நின்றுபோகும் மியூவான் ஒன்று தன் சராசரி ஆயுளை ஐந்து தடவைக்கு மேல் வாழ்ந்து முடிக்கும் நேரம் அது.